நூற்றைந்து மாத்திரைகள்

எங்கள் பிள்ளை ஒன்பது நாள் இருந்தான். பத்தாம் நாள் காலையில் பாலுக்கு வாய் திறக்கவில்லை. 1979 ஐப்பசி. அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. முதுகுளத்தூர் போகிற பாதை இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதை சரியாக இருந்திருந்தால் என்று சில வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நினைத்துப் புழுங்குவதற்கு அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்தாறு வயது முடிந்துவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் கை எழுத விடாது.

அப்போது என் மனைவிக்கு இருபத்தொன்பது வயது. எங்களுக்குக் கல்யாணமே தாமதமாகத்தான் நடந்தது. வீட்டில் நான், அவள், புருசனை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அக்கா, ஆக மூன்று பேர். அக்காவின் இரண்டு பெண்களும் அவள் மாமியார் வீட்டில் வளர்ந்தார்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் அவளுக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. அக்கா பரமக்குடியிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். நெருக்கக் கட்டிய சரம், ஆறு முழம். மூன்று முழம் இந்தப் பக்கம், மூன்று முழம் அந்தப் பக்கம் என்று வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். வாடவாட மாற்ற வேண்டும். நான்கு நாளில் இருபத்து நான்கு முழம் பூ வாங்கினேன். ஐந்தாம் நாள் பால் வற்றியது. வீடு முழுவதும் அந்த வாசனை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மல்லிகை வைத்துக்கொண்டதில்லை.

பால்தான் வற்றியது. அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பேசவில்லை. கேட்டதற்குப் பதிலாக உதடு அசையும், சத்தம் வராது. இரண்டு தடவை தோட்டத்துக் கிணற்று ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தவளை அக்கா இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது தடவைக்கு இடம் வைக்கக் கூடாது என்று ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, இரவு ஒன்று. மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் வந்து பாருங்கள் என்றார்.

மாத்திரை வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. இரண்டாவது வாரம் சோறு கேட்டாள். ஒரு மாதத்தில் பேச ஆரம்பித்தாள், கொஞ்சம் மந்தமாக. மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பரமக்குடியில் மாத்திரை வாங்கும், விஷயம் தெரிந்த மருந்துக் கடைக்காரரிடம் பழைய சீட்டை நீட்டினேன். தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். "நல்லாத்தான சார் இருக்காங்க? அப்ப எதுக்கு நிப்பாட்டணும்? நிப்பாட்டுனா பழையபடி கெணத்துப் பக்கம் போயிருவாக" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். சீட்டு மடிப்பில் கிழிய ஆரம்பித்ததும் அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டேன். பதின்மூன்று வருடம் அந்த அட்டைக்கு மாத்திரை கிடைத்தது.

என் உத்தியோகம் எண்ணுவது. புள்ளிவிவரம் எடுக்கிற வேலை. மிளகாய்த் தோட்டத்தில் அளவுக் கயிறு கட்டி, அதற்குள் எத்தனை செடி, செடிக்கு எத்தனை பழம் என்று எழுதுவேன். கால்நடைக் கணக்கு வந்தால் ஆடு, மாடு, கோழி. வீட்டிலும் அதே புத்திதான். மாத்திரையை மாதத்துக்கு அறுபது என்று எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பேன். ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாதவிலக்கான பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஊர் எல்லையில் முட்டுவீடு என்று ஒற்றை அறைக் கட்டடம் இருக்கும். அந்த நாட்களில் அங்கே போய்த் தங்கி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சோறு தட்டில் போகும். ஆகவே எந்த வீட்டுப் பெண் எந்த மாதம் வந்தாள், எந்த மாதம் வரவில்லை என்பது ஊருக்கே மனப்பாடம். புருசனுக்குத் தெரிவதற்கு முன்னால் கண்மாய்க் கரைக்குத் தெரிந்துவிடும்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு அவள் முட்டுவீட்டுக்கு ஒரே தடவைதான் போனாள். அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. நான் சம்பா மிளகாய் விளைச்சல் கணக்கில் மூழ்கிக் கிடந்தேன். அக்காதான் சோறு போடும்போது சொன்னாள். "எந்தம்பிக்கு ஆட்டுக் காத எண்ணத் தெரியும், பொண்டாட்டி நாள எண்ணத் தெரியாது."

நான்காவது மாதம் அவளுக்கு ரவிக்கை நனைந்தது. பால். அக்காவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. நாள் தள்ளியிருக்கிறது, பால் ஊறுகிறது, வேறு என்ன வேண்டும்? முதல் பிள்ளை தங்காததால் மறுபடியும் வளையல் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றாள். ஐந்தாம் மாதம் பதினொரு பெண்கள் வந்தார்கள். வேப்பங்குச்சியை வளைத்துக் காப்பு செய்து முதலில் அதைப் போட்டார்கள். பிறகு கண்ணாடி வளையல், கைக்குப் பதினைந்து. ஐந்து வகைச் சோறு. அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் கிண்டலாக ஏதோ கேட்டபோது சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு அது. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

வயிறு மட்டும் எழும்பவில்லை. ஆறாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லயே, யாரு சொன்னது புள்ளன்னு?" என்றார். யார் சொன்னது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேறு மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா என்றும் கேட்டார். நான் இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது மனசுக்கான மாத்திரை. பைத்தியத்துக்கு மருந்து தின்கிறாள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், அக்காவின் இரண்டு பெண்களுக்கும் சம்பந்தம் பேச ஒருத்தர் வாசல் ஏற மாட்டார்கள். அதனால் ராமநாதபுரம், பரமக்குடி, இந்த ஊர் என்று எங்கே கேட்டாலும் இல்லை என்றே சொன்னேன். பின்னால் மதுரையில் ஒரு பெரிய டாக்டர் கேட்டபோதும் இல்லை என்றேன். பாட்டில்கூட அரிசிப் பானைக்குப் பின்னால்தான் இருந்தது.

வளையலைக் கழற்றியபோது அவள் அழவில்லை. அழுகை வராமல் இருப்பதற்குத்தானே மாத்திரை.

பிறகு ஊர் வேறு விதமாகப் பேசியது. பிள்ளை இல்லாதவளுக்குப் பால் வருகிறது என்றால், செத்த பிள்ளை இன்னும் போகவில்லை, வந்து குடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். கைப்பிள்ளைக்காரிகள் அவள் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டார்கள். அவள் தெருவில் போவதைக் குறைத்துக்கொண்டாள். மூடியவர்களின் எண்ணிக்கை என்னிடம் இருக்கிறது. எழுதி என்ன ஆகப்போகிறது?

1982இல் ராமேஸ்வரம் போனோம். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் அங்கே நாகர் கல் வைத்து வழிபடுவது வழக்கம். கடலில் முழுகிவிட்டு, கோவிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராட வேண்டும். வாளியில் இறைத்து ஊற்றுகிற ஆள் அவளைப் பார்த்து, "நாள் கணக்கெல்லாம் பாத்துத்தானம்மா வந்திருக்கீக?" என்று கேட்டான். விலக்கானவர்கள் உள்ளே வரக் கூடாது அல்லவா? அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு எந்த நாளும் தோதுதான்ணே" என்றாள். பதினேழாவது கிணற்றில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. இருபத்திரண்டையும் முடித்தோம்.

ஊர் திரும்பிய மறுவாரமே எனக்குக் கால்நடைக் கணக்கு வந்தது. தொண்டிப் பக்கம் கடற்கரைக் கிராமங்கள், அறுபத்துமூன்று நாள், அங்கேயே தங்கல். போவதற்கு முன்னால் நூற்று முப்பது மாத்திரை எண்ணி வைத்தேன். நூற்று இருபத்தாறு போதும். நான்கு கூடுதல், திரும்பி வர ஒருநாள் இரண்டுநாள் பிந்தினால் என்று. வேளை தவறாமல் போட்டுக்கொள் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள், முகமெல்லாம் வெளிச்சம். "ராமநாதசாமி கண்ணத் தொறந்துட்டார்டா தம்பி. அஞ்சு நாளைக்கு முன்னால முட்டுவீட்டுக்குப் போனா. இன்னைக்கித்தான் தலைக்குக் குளிக்கப் போயிருக்கா." இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவளுக்கு நாள் வந்திருந்தது. நான் பையைக்கூட இறக்கவில்லை. கடல் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையோடு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து எண்ணினேன். நூற்றைந்து இருந்தது. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைந்து.

அவள் ஈரத் தலையோடு வந்தாள். அவ்வளவு தெளிவான முகத்தை அதற்கு முன்னால் எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை. எனக்கோ பாட்டில்தான் பெரிதாகத் தெரிந்தது.

"என்ன இது? நூத்தி அஞ்சு கெடக்கு" என்றேன்.

"அத முழுங்குனா நாக்கு கட்டையாட்டம் கெடக்குங்க. விட்ட பெறகு தல தெளிஞ்சிருக்கு. அழுகயும் வரல. கெணத்துப் பக்கமும் போகல. மதினிகிட்ட வேணாக் கேளுங்க."

"இன்னைக்கி வராது. நாளைக்கி வரும். சாமி இப்பத்தான் ஒரு வழி காட்டியிருக்கு, அத நீயா கெடுத்துக்காத."

அவள் கையை நீட்டினாள். மாத்திரையை வைத்தேன். விழுங்கினாள்.

அடுத்த மாதம் நாள் வரவில்லை. பிள்ளைதான் என்று நாற்பது நாள் இருந்தோம். பிறகு பால் திரும்பி வந்தது, பழையபடி பிள்ளை இல்லை என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றாள் அக்கா. அடுத்த பத்து வருடத்தில் இன்னும் நான்கு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் மாத்திரையை மறக்காமல் கையில் எடுத்துப் போனேன்.

இன்று வரைக்கும் நான் திரும்பத் திரும்பப் போடுகிற கணக்கு இது. நூற்று முப்பதில் நூற்றைந்து போனால் இருபத்தைந்து. நாளைக்கு இரண்டு. பதின்மூன்றாம் நாள் காலையோடு நிறுத்தியிருக்கிறாள். ஐம்பத்தெட்டாம் நாள் விலக்காகியிருக்கிறாள். இடையில் நாற்பத்தைந்து நாள். இரண்டு எண்ணும் ஒரே நாளில், ஒரே வீட்டில், என் கையில் இருந்தன. ஒன்றைச் சாமிக்கு எழுதினேன். மற்றதை அவள் குற்றத்தில் எழுதினேன். கூட்டத் தெரியாதவன் செய்திருந்தால் பரவாயில்லை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

1992இல் அவளுக்கு மாரில் வலி வந்தது. கட்டியாக இருக்குமோ என்று பயந்து ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். சின்ன வயது. எத்தனை பிள்ளை என்று கேட்டார். எத்தனை வருடமாக விலக்கில்லை என்று கேட்டார். பாலைப் பார்த்தார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் இல்லை என்று வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு வேள மாத்திர. பதிமூணு வருசமா. இவுகதான் குடுப்பாக. பையிலதான் சீட்டு இருக்கு."

அட்டையில் ஒட்டிய சீட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் படித்தார். மேசையில் வைத்தார். மறுபடி எடுத்துத் தேதியைப் பார்த்தார். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். எட்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது நிதானமாக விளக்கினார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மூளையில் டோபமின் என்று ஒன்று சுரக்கிறது. அதற்குப் பல வேலைகள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பால் ஊற வைக்கிற புரோலாக்டின் என்கிற ஹார்மோன் அங்கேதான் உண்டாகிறது. அது அளவுக்கு மேல் வராமல் எந்நேரமும் பிடித்து வைத்திருப்பது டோபமின். நாங்கள் கொடுத்த மாத்திரை மூளையைச் சாந்தப்படுத்துவதே டோபமினை வேலை செய்யவிடாமல் மறிப்பதால்தான். மறித்துவிட்டால் புரோலாக்டின் ஏறுகிறது. அது ஏறினால், கருமுட்டையை முதிர வைத்து வெளியே அனுப்பச் சொல்லுகிற ஹார்மோன்கள் இறங்கிவிடுகின்றன. முட்டை இல்லை, விலக்கு இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் கண்மாயில் மடை பார்க்கிறவரைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு வயல் அழுகும். மற்றது காயும். மடையில் ஒரு பழுதும் இருக்காது.

"கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அம்மாவுக்கு உடம்பு அடுத்த பிள்ளையைத் தள்ளி வைக்கும் இல்லையா ஐயா, அதே ஏற்பாடுதான் இது" என்றார் டாக்டர். "இவங்க உடம்பு பதிமூணு வருஷமா ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருக்கிறதா நினைச்சிருக்கு."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இத நிப்பாட்டுனா நாளு வந்துருமா?"

வரும், ஆனால் வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த மாத்திரை அவளுக்குச் சில மாதங்களுக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கும் என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். கிணற்றின் மேல் கம்பி வலை போட்டேன். அதற்குத் தேவையே வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பகல் முழுவதும் அழுதாள். ஒன்பது நாள் பிள்ளைக்காகச் சரியாக அழுதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அழுது முடித்து எழுந்து, புளி இன்னும் கொட்டை எடுக்காமல் கிடக்கிறதே என்று அக்காவைச் சத்தம் போட்டாள். இரண்டாவது மாதம் பால் நின்றது. நாற்பத்தேழாம் நாள் விலக்கானாள். அன்று முட்டுவீட்டுக்குத் தட்டை நானே எடுத்துப் போனேன். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 

அதற்குப் பிறகு பதினேழு தடவை வந்தது. ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்காது. வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். பதின்மூன்று வருடம் வரவேண்டும் என்று வேண்டியவன், இப்போது வரக் கூடாது என்று வேண்டினேன். முப்பதாம் நாள் வரைக்கும் போகும். ஒரு தடவை முப்பத்தாறு. அன்று துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முட்டுவீட்டுக்குக் கிளம்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் முட்டை முதிர்வதற்கு வேறு மாத்திரை கொடுத்தார். அதை அவளே எண்ணி அவளே போட்டுக்கொண்டாள்.

1994இல் பதினெட்டாவது வரவில்லை. நாற்பது நாள் ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். ஐம்பத்தாறாம் நாள் டாக்டரிடம் போனோம். சோதித்தார், படம் பிடித்துப் பார்த்தார், ரத்தம் பார்த்தார். பிள்ளை இல்லை. இந்தத் தடவை புரோலாக்டின் சரியாக இருக்கிறது என்றார். சூலகத்தில் முட்டை தீர்ந்துவிட்டது, சிலருக்கு நாற்பத்து நான்கிலேயே தீர்ந்துவிடும் என்றார். இனி எந்த மாத்திரையும் வேண்டாம் என்றார்.

ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். கூட்டம் இல்லை. எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரி, முந்தானையை இழுத்து மூடவில்லை. சத்திரக்குடி தாண்டும்போது என் மனைவி, என்னிடம் இல்லாதது போல, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நாக்கு கட்டையாக் கெடந்தாலும் அப்ப பாலாச்சும் இருந்துச்சு. ராத்திரி நனஞ்சிருக்கும்ல, அப்ப அவன் பக்கத்துல கெடக்குற மாதிரியே இருக்கும். ஊருல சொன்னாகள்ல, வந்து குடிக்கிறான்னு. எனக்கு அது கோவமே இல்லங்க. இப்ப அதுவும் இல்ல."

 இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. அடுத்த அறையில்தான் இருக்கிறாள். அன்று பஸ்ஸில் அவள் சொன்னதற்குப் பதினைந்து வருடங்களாகியும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.